மழை மாதத்தில் குஞ்சுப் பெட்டி

இன்று இரவு படுக்கப் போகுமுன் குஞ்சுப் பெட்டிக்குள் கையை விட்டு, தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடக்கும் மரச்சீவலை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பிடிகொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால், மணி பதினொன்றானாலும் பரவாயில்லை, அந்த இடத்தை வாரிக் கொட்டிவிட்டுப் புதுச் சீவல் பரப்புங்கள். சிங்கப்பூரின் டிசம்பர், ஜனவரி மழையில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு முதல் வேலை இதுதான். விளக்கும் மருந்தும் அப்புறம்.

யூடியூபில் நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்க்காரர்கள் எடுத்தவை. அவர்கள் கவலையெல்லாம் குளிர். நம் கவலை வேறு. இங்கே காற்றே பாதி தண்ணீர். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222தான். அப்படிப்பட்ட நாள்களில் வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்கும், மழை விட்ட மறுநாள் மதியமே 31ஐத் தொடும். ஒரே அளவில் விளக்கை எரியவிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து பார்ப்பது வாயைப் பிளந்து இளைக்கும் குஞ்சுகளை.

வளர்க்கலாமா என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் கோழி கூடாது, ஒரு குஞ்சாக இருந்தாலும் கூடாது. தரைவீட்டுக்காரர்கள் விற்பனைக்கு அல்லாமல் பத்துக் கோழி வரை வைத்துக்கொள்ளலாம், காட்டுப் பறவை நுழையாத வலைக் கூண்டில். கேம்பல் லேன் பொங்கல் பந்தலில் மாட்டையும் ஆட்டையும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், புளோக்குக்குக் கீழே தாய்க்கோழியோடு திரியும் குஞ்சைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவதும் உண்டு. திருப்பிக் கொண்டுபோய்த் தாயிடமே விடச் சொல்லுங்கள். சின் மிங் வட்டாரத்தில் 2017இல் அதிகாரிகள் 24 தெருக்கோழிகளைக் கொன்றபோது எழுந்த சண்டை நினைவிருக்கும். கூவுகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததில் தொடங்கியது அது. தரைவீட்டிலும் சேவல் குஞ்சு பெரிதானால் அண்டை வீட்டாரோடு உங்களுக்கும் அதே தகராறு வரும்.

சரி, சூடு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். 35இலிருந்து கணக்குப் போட்டால் நான்காம் வாரம் 26 வரும். அது நம் ஊரின் சாதாரண இரவு. ஆகவே இங்கே விளக்கு என்பது முதல் மூன்று வாரமும், அதன்பின் மழை இரவுகளும்தான். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு, எதிர் மூலையில் தண்ணீர். வேண்டும்போது கிட்டே வரவும் வேண்டாதபோது ஒதுங்கவும் குஞ்சுக்கு இடம் இருக்க வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் பீங்கான் வெப்பக் குமிழ் போதும். 250 வாட் சிவப்பு விளக்கு இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம். எதை மாட்டினாலும் கிளிப்பை நம்பாதீர்கள், சங்கிலியால் கட்டுங்கள். காய்ந்த மரச்சீவலில் விளக்கு விழுந்தால் போவது குஞ்சோடு நிற்காது.

வெப்பமானி இருக்கட்டும், ஆனால் குஞ்சைப் பாருங்கள். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலிட்டால் குளிர். சுவரோரமாக ஒட்டி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது என்று அர்த்தம். ஆங்காங்கே சிதறிப் படுத்து, கிச்கிச்சென்று மெல்லிய குரலில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. இடி இடித்த ஓர் இரவு, பாவம் குளிருமே என்று கனமான குளியல் துண்டால் பெட்டியை முழுக்க மூடினேன். காலையில் துண்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஏழு குஞ்சும் விளக்குக்கு நேர் எதிர் மூலையில், ஒன்று எழுந்திருக்கவில்லை. மழைக்கு அஞ்சி நானே பெட்டிக்குள் இட்லிக் கொப்பரை வைத்திருந்தேன். பெட்டியை மூடுவதானால் முக்கால் பாகம் மட்டும் மூடுங்கள், ஈரம் வெளியேற வழி விடுங்கள். குஞ்சு நிற்கும் உயரத்துக்குத் தலையைக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். எச்ச வாடையில் உங்கள் மூக்கு எரிந்தால் குஞ்சுகளின் கண்ணும் எரிகிறது.

தரை விரிப்பாகச் செய்தித்தாள் வேண்டாம். வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுபோன குஞ்சுக்கு முதல் இரண்டு நாளில் மென்மையான ஒட்டுத்துணியால் கால்களைச் சற்று இடைவெளி விட்டுக் கட்டினால் சரியாகும், தள்ளிப்போட்டால் கஷ்டம். தேக்காவில் வாங்கும் பாஸ்மதி அரிசியின் சணல் பையை அலசிக் காயவைத்து விரியுங்கள். கால் நன்றாகப் பிடிக்கும். மூன்று நாளுக்குப் பின் மரச்சீவல், இரண்டு அங்குலக் கனம். பூஞ்சை வாடை அடிக்கும் சீவலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அந்தப் பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் குஞ்சு சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்து இல்லை.

இனி எச்சம். காலையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை பழுப்பாக, கூழாக, துர்நாற்றத்தோடு ஒன்று வரும், அது இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் சளி போன்ற துணுக்கு எப்போதாவது தெரிந்தால் அது உதிர்ந்த குடல் தோலாக இருக்கலாம். அதைக் கண்டு பதறிப் போனவர்கள் பலர், நானும் அதில் ஒருவன். சிவந்த இரத்தம் கலந்து, குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றால்தான் ஆபத்து. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இது வந்தால் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் 25, 30 டிகிரிச் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதாவது நம் வீட்டு நனைந்த மரச்சீவல் அதற்கென்றே செய்துவைத்தது போன்றது. அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவமனையும் கோழி பார்ப்பதில்லை, முதலில் போன் செய்து கேளுங்கள். மருத்துவர் ஆம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னால், அந்த நாள்களில் வைட்டமின் சத்துத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள பி1 மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

ஊரிலிருந்து அத்தை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்: சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் அரைத்து உருட்டிக் கொடு. தமிழ்நாட்டில் கால்நடைப் பல்கலைக்கழகமே மூலிகை வைத்தியம் பரிந்துரைக்கிறது, கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் இரத்தக் கழிச்சலுக்கு மஞ்சளை நம்பி இரண்டு நாள் பொறுத்தால் பெட்டி காலியாகிவிடும். அதே அத்தை ஏழாம் நாள் கண்ணில் விடும் வெள்ளைக் கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்தையும் பார்சலில் போட்டு அனுப்பவா என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதியில்லாமல் கால்நடைத் தடுப்பூசி இந்த ஊருக்குள் வரக் கூடாது. குஞ்சு வாங்கும்போதே எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

முதல் வாரக் குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்வது சின்ன விஷயம்போலத் தெரியும், கவனிக்காவிட்டால் குஞ்சு போய்விடும். பிய்த்து இழுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றிப் பிடித்தால் இளகி வரும். துடைத்து, உலரவைத்து, விரல் நுனியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பெட்டியில் விடுங்கள். வயிற்றடியில் உலர்ந்த நூல் போலத் தொங்குவது தொப்புள்கொடி. அதை எச்சம் என்று எண்ணி இழுத்துவிட வேண்டாம். தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்து, வயிறு கொழகொழவென்று இருந்தால் அது கிருமித் தொற்று, அந்தக் குஞ்சைத் தனியே பிரித்து வையுங்கள். வந்த மூன்று நாளும் சாப்பிடாமலே துறுதுறுவென்று இருந்த குஞ்சு நான்காம் நாள் சாய்வதும் நடக்கும். வயிற்றிலுள்ள முட்டை மஞ்சள் கருவின் மிச்சம் அதுவரைதான் தாங்கும். எனவே வந்தவுடனே ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு எடுத்து, குடிக்கக் கற்றுக்கொடுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். கோழி அம்மை பரப்பும் கொசுவுக்கும் தேங்கிய தண்ணீர்தான் வேண்டும், டெங்கிக் கொசுவைப் போல.

கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, ஒரே நாளில் பல குஞ்சுகள் சாவது, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. வலசைப் பறவைகள் சுங்கை பூலோ பக்கம் வந்து தங்கும் காலம் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை; பறவைக் காய்ச்சலுக்கு அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கும் காலமும் அதுதான். செத்ததை வெறுங்கையால் தொடாமல், குப்பைத் தொட்டியில் போடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவை 1800-476-1600இல் கூப்பிடுங்கள். நன்றாக இருக்கும் குஞ்சைக் கொஞ்சினாலும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுகளின் தண்ணீர்க் குவளையைச் சமையலறைத் தொட்டியில் அலசக் கூடாது.

வெளியே விட அவசரப்படாதீர்கள். பிப்ரவரியில் மழை குறைந்து காய்ந்த காற்று வீசும். அதற்குள் ஆறு வாரத்தைத் தாண்டி, முதுகில் பஞ்சு போய் இறகு மூடியிருந்தால், வலைக் கூண்டில் காலை பத்து மணிக்கு இறக்கிவிட்டு நான்கு மணிக்குள் திரும்ப எடுங்கள். கூண்டின் வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சாக்கடையிலிருந்து வரும் எலிக்கும் குட்டி மலைப்பாம்புக்கும் அது போதும். முதல் ஒரு வாரம் இருட்டுமுன் எண்ணிப் பாருங்கள்.