கணக்குக் காட்டாத பெயர் குடத்தில் விழாது

புது வருஷத் தீர்மானத்தை ஜனவரி 1 காலையில் உட்கார்ந்து எழுதுவது வீண் அவசரம். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் போகிக்கு முந்தின வாரம்தான் அதற்குச் சரியான நேரம். சம்பா முற்றி நிற்கும், மாலையில் ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும். மூன்று மாலைகள் ஒதுக்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

முதல் இரண்டு மாலையும் பழைய வருஷத்துக்கு. இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். போன வருஷம் எழுதியது என்ன ஆனது என்று பார்க்காமலே புதுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு பழைய விதி உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை அதில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு விதி: வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனித்த குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. இந்த விதிகளை எழுதியது நிலமுள்ள பிராமணர்களுக்கு மட்டுமான சபை. அந்தக் கட்டுப்பாடு நமக்கு வேண்டாம். கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எடுக்கும்போது ஞாபகத்தை நம்பாதீர்கள். வீட்டில் ஆணியில் தொங்கும் மஞ்சப்பையை இறக்குங்கள். நகைக்கடன் சீட்டு, உரக்கடை பில், பால் சொசைட்டி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாயில் கொட்டி மாதவாரியாக அடுக்குங்கள். செல்போனில் இருக்கும் போட்டோக்களையும் தேதி வாரியாகத் தள்ளிப் பாருங்கள். எந்த மாதம் எங்கே அலைந்தோம் என்பது அதில் தெரியும்.

அடுத்து, நடக்காமல் போன ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள். ‘சோம்பல்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். மாதமும் தொகையும் இல்லாத காரணத்தை நான் காரணமாகவே எடுப்பதில்லை. தெரிந்த அக்கா ஒருவர் மூன்று வருஷமாக ‘ரெண்டு சவரன் செயினை மீட்கணும்’ என்றே எழுதிவந்தார். சீட்டுகளை அடுக்கினோம். நகை வைத்தது ஒரு ஆடி மாதம். அதனால் வருஷாவருஷம் கெடு ஆடியில்தான் வந்தது. ஆடியிலோ உழவுக்கும் விதைக்கும் கையில் இருப்பது போய்விடும். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறார், மூன்று தடவை. “நான்தான் உருப்படாதவள்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்றார். தையில் நெல் பணம் வந்ததும் அசலில் ஒரு பங்கைக் கட்டுவது என்று மாற்றி எழுதினோம்.

மூன்றாம் மாலை புது இலக்குகளுக்கு. அன்றும் ஓலைக்குத் தகுதி பார்க்க வேண்டும். எந்த மாதம், எவ்வளவு பணம், வீட்டில் யார் கூட நிற்பார் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இலக்கு குடத்துக்குள் போகக் கூடாது. ‘உடம்பைப் பார்த்துக்கணும்’ போகாது. ‘மாதம் முதல் செவ்வாய் சுகர் டெஸ்ட், இத்தனை ரூபாய், மகன் கூட வருவான்’ போகும். ஒருவருக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். அந்த ஊர் ஏரி வாரியத்துக்கே ஆறு பேர்தான். வாரியத்தில் இருந்தவரை அடுத்த மூன்று ஆண்டு ஒதுக்கிவைத்தார்கள். நான் மூன்று வருஷம் தோற்ற இலக்கை ஒரு வருஷம் ஒதுக்கிவைக்கிறேன். திரும்ப எடுக்கும்போது வேறு வழி தெரிகிறது.

எதை முதலில் தொடங்குவது என்று வீட்டில் இழுபறி வந்தால் சீட்டெழுதிச் சொம்பில் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை எல்லோர் முன்னாலும் உரக்கப் படியுங்கள், அந்தச் சபையிலும் அப்படித்தான் படித்தார்கள்.

வாரியத்தின் காலம் 360 நாள். நீங்களும் அடுத்த மார்கழியில் இதே நோட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் அதைப் பழைய காகிதத்தோடு சேர்க்காதீர்கள். போகிக்கு வீடு ஒழிக்கும்போது மஞ்சப்பைச் சீட்டுகளும் தீக்குப் போய்விடும். அதற்குள் கணக்கை முடித்துவிடுங்கள்.