பெரிய கவிதா, சின்ன கவிதா: எஸ்எஸ்எச் லாகினில் ஒரு எழுத்துப் பிரச்சினை

யூசர்நேமில் வரும் கேப்பிட்டல், ஸ்மால் லெட்டர் விஷயத்தைக் காதால் கேட்டுப் புரிஞ்சுக்கறது கஷ்டம். உச்சரிப்பில் ரெண்டும் ஒன்றுதான். தமிழ் எழுத்திலும் அந்தப் பேதமே கிடையாது. அதனால எபிசோடுக்குத் துணையாக இந்தப் பாடத்துக்கு ஒரு ஏற்பாடு செஞ்சுக்குவோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து கேப்பிட்டலாக இருந்தால் 'பெரிய கவிதா'. எல்லாமே ஸ்மால் என்றால் 'சின்ன கவிதா'. சொந்தக்காரங்களில் ஒரே பேரில் ரெண்டு பேர் இருந்தா கூப்பிடுவோமே, அப்படித்தான்.

ஒரு ஆபீஸை எடுத்துக்கோங்க. புதுசா சேர்ந்த கவிதாவுக்கு ஆக்டிவ் டைரக்டரியில் அக்கவுண்ட் திறக்கிறாங்க. பேர் என்பதால் பெரிய கவிதா என்றே டைப் பண்றாங்க. லினக்ஸ் அட்மினும் அதைப் பார்த்து, எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் 'அலவ்யூசர்ஸ்' வரிசையில் பெரிய கவிதா என்றே சேர்க்கிறார். விண்டோஸ் லேப்டாப்பில் லாகின் ஆகுது, மெயில் திறக்குது. லினக்ஸ் சர்வருக்குள் மட்டும் போக முடியலை. 'பெர்மிஷன் டினைட்' என்ற ஒரே பதில்.

இந்த வழியில் மூணு பேர் நிற்கிறாங்க. ஆக்டிவ் டைரக்டரி பேரை எப்படிக் கொடுத்தாங்களோ அப்படியே வெச்சுக்கும். தேடும்போது பெரிய, சின்ன பேதம் பார்க்காது. லினக்ஸ் நேர் எதிர்: ஒரு எழுத்து மாறினாலும் அது வேற ஆள். நடுவில் ரெண்டு பேருக்கும் தரகர் எஸ்எஸ்எஸ்டி. அதில் 'கேஸ் சென்சிட்டிவ்' என்று ஒரு செட்டிங் உண்டு. ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும்போது அதன் டிஃபால்ட் 'ஃபால்ஸ்'. அதாவது எப்படி டைப் பண்ணினாலும் ஆளைக் கண்டுபிடிக்கும், ஆனா லினக்ஸிடம் பேரைச் சொல்லும்போது எல்லாத்தையும் ஸ்மால் லெட்டராக்கித்தான் சொல்லும்.

இப்போ முடிச்சு தெரியுதா? எஸ்எஸ்எச் சர்வர் அலவ்யூசர்ஸ் பட்டியலோடு ஒப்பிடுவது நீங்க டைப் பண்ணின பேரை இல்லை, சிஸ்டம் திருப்பிக் கொடுத்த பேரை. பட்டியலில் இருப்பது பெரிய கவிதா. எஸ்எஸ்எஸ்டி கூட்டி வருவது சின்ன கவிதா. அவங்க எப்படி டைப் பண்ணினாலும் கதவு திறக்காது.

இதில் கொடுமை என்னன்னா, சர்வர் காரணத்தைச் சொல்லாது. அனுமதி இல்லாதவரிடமும் பாஸ்வேர்ட் கேட்கும். யூசர்நேம் சரியா தப்பா என்று வெளியாள் ஊகிக்கக் கூடாது என்பதற்காக, அவர் கொடுத்த பாஸ்வேர்டைத் தூக்கிப்போட்டு வேணும்னே ஒரு குப்பைப் பாஸ்வேர்டை உள்ளே அனுப்பும். சரியான பாஸ்வேர்டும் தோற்பது அதனால்தான். திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினா டைரக்டரியில் தப்பு எண்ணிக்கை ஏறி, அக்கவுண்டே லாக் ஆகலாம். பாஸ்வேர்டை ரீசெட் பண்ணி என்ன பிரயோஜனம்? சர்வர் லாகில் தேடுங்க. 'நாட் அலவ்ட் பிகாஸ் நாட் லிஸ்டட் இன் அலவ்யூசர்ஸ்' என்ற வரி அங்கே இருக்கும்.

சரி செய்வது சுலபம். 'கெட்என்ட்' அல்லது 'ஐடி' கமாண்டில் பேரைக் கொடுங்க. எந்த எழுத்தில் திருப்பித் தருதோ, அதையே கான்ஃபிக்கில் எழுதுங்க. சிலர் குறுக்கு வழியாக முதல் எழுத்துக்குக் கேள்விக்குறி போடுவாங்க. கேள்விக்குறி என்றால் ஏதோ ஒரு எழுத்து என்று அர்த்தம். கவிதாவோடு சவிதாவும் உள்ளே வந்துடுவாங்க!

இதுவரை சொன்னது வெறும் தொல்லை. அடுத்தது ஆபத்து. கான்ஃபிக்கில் 'மேட்ச் யூசர்' என்று ஒரு பகுதி எழுதலாம். வெளிக் கம்பெனிக்காரருக்கு ஃபைல் அனுப்ப மட்டும் அனுமதி, ஷெல் கிடையாது என்பது மாதிரிக் கட்டுப்பாடுகள் அங்கேதான் வரும். அலவ்யூசர்ஸ் மாதிரி இல்லாமல், மேட்ச் யூசர் ஒப்பிடுவது டைப் பண்ணின பேரை. அந்த ஆள் முதல் எழுத்தை கேப்பிட்டலில் போட்டு வந்தா மேட்ச் ஆகாது, கட்டுப்பாடு விழாது. எஸ்எஸ்எஸ்டியோ அவரை வழக்கம்போல அடையாளம் கண்டு உள்ளே விடும். பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே திறந்த ஜன்னல். அதனால இந்த மாதிரி இடத்தில் 'மேட்ச் குரூப்' போடுங்க. ஆள் எப்படி டைப் பண்ணினாலும் குரூப் மாறாது. குரூப் பேரும் ஸ்மால் லெட்டரில்தான் வரும், கவனம்.

ஆக்டிவ் டைரக்டரி இல்லாத, சாதாரண எல்டாப் வெச்சிருக்கும் இடங்களில் சிக்கல் வேற மாதிரி. அங்கே யூசர்நேம் இருக்கும் 'யூஐடி' என்ற புலத்துக்கு எழுத்துப் பேதம் கிடையாது. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2307-இன்படி, குரூப்பில் உறுப்பினரைக் குறிக்கும் 'மெம்பர்யூஐடி' புலத்துக்குப் பேதம் உண்டு. ஒரே டைரக்டரிக்குள்ளேயே ரெண்டு சட்டம்! அக்கவுண்டில் சின்ன கவிதா, குரூப்பில் பெரிய கவிதா என்று பதிஞ்சிருந்தா, அவங்க அந்தக் குரூப்பில் இருக்காங்கன்னு அட்மின் சத்தியம் பண்ணுவார், லினக்ஸ் இல்லைன்னு சொல்லும். சுடோ இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்; யூசர்நேமில் பேதம் பார்க்காத செட்டிங் அதில் டிஃபால்ட்டாகவே ஆன். அதனால சுடோவில் வேலை செய்யுதே என்பதை எஸ்எஸ்எச்சுக்கு ஆதாரமா எடுத்துக்காதீங்க.

பரிசோதிக்க ஒரு வழி. எஸ்எஸ்எச் சர்வர் புரோகிராமை 'டி' ஆப்ஷனோடு ஓட்டுங்க. இங்கேயும் எழுத்தளவு முக்கியம்: சின்ன 'டி' ஃபைலில் எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பார்க்கும், பெரிய 'டி' நடைமுறைக்கு வரும் செட்டிங்குகளை எல்லாம் கொட்டும். அதோடு பெரிய 'சி' ஆப்ஷனில் யூசர், ஹோஸ்ட், ஐபி முகவரி கொடுக்கலாம். முதலில் சின்ன கவிதா, அப்புறம் பெரிய கவிதா. ரெண்டு முறையும் வரும் பட்டியலை ஒப்பிடுங்க. ஒரு வரி வேறுபட்டாலும் உங்க மேட்ச் பகுதியில் ஓட்டை இருக்கு.

மாற்றம் செஞ்சதும் முதலில் சின்ன 'டி', அப்புறம் ரீலோட். அந்த நேரத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்எச் செஷனை மூடாதீங்க. இன்னொரு விண்டோவில் புதுசா லாகின் பண்ணிப் பாருங்க, ரெண்டு கவிதாவாகவும்.