பெயரில்லாக் குவளையை மதிப்பிடுதல்

எட்டாம் வகுப்பில் சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச நான் எடுத்துச் செல்வது ஒரு மண் குவளை. பழைய பொருள் கடையில் வாங்கியது. தனிப் பட்டறையில் யாரோ ஒரு கலைஞர் கையால் வனைந்தது. பெயரோ முத்திரையோ இல்லை. ‘இதை மதிப்பிடுங்கள்’ என்பேன். ‘யார் செய்தது சார்?’ என்பதே முதல் கேள்வியாக வரும். விடை சொல்லாமல் குவளையைக் கவிழ்த்து வைப்பேன்.

இத்தகைய பாத்திரங்களில் அதிகம் பேசுவது அடிப்புறம்தான். பூச்சு படாத அடிவளையத்தில் மண்ணின் சொந்த நிறம் தெரியும். எங்கள் குவளையில் அது சாம்பல் கலந்த பழுப்பு. அங்கே ஒரு சொட்டு நீர் விடுகிறோம். பக்கத்தில் வைத்த மண்பானை ஓடு நீரை உடனே குடித்துவிடும். குவளையில் சொட்டு அப்படியே நிற்கும். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடப்படும் ஸ்டோன்வேர் வகை மண்பாண்டம் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வீட்டு ஊறுகாய் ஜாடியும் இந்த இனமே என்றதும் வகுப்பு கலகலத்துவிடும்.

உட்புறத்தை விரலால் தடவினால் சுருளாக ஏறும் மேடுபள்ளம் தட்டுப்படும். சக்கரம் சுழன்றபோது வனைந்தவரின் விரல் விட்ட தடம் அது. அச்சில் ஊற்றிய பாத்திரத்தில் இது இராது. அச்சின் இணைப்புக்கோடுதான் தெரியலாம். வெளியே அடியருகில் பூச்சுப் படாத மூன்று நீள்வட்டங்கள் உள்ளன. பூச்சுக் கரைசலில் முக்கும்போது பிடித்த விரல்களின் இடம்! அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்க்காத மாணவரே இல்லை. தன் விரல்கள் பொருந்தியதும், ‘செய்தவருக்குச் சின்னக் கை’ என்றாள் ஒரு மாணவி. ‘சூளையில் மண் சுருங்கும், தடமும் சுருங்கியிருக்குமே’ என்றான் இன்னொருவன். அந்த வாதத்துக்கே பத்து நிமிடம் போயிற்று. போகட்டும் என்று விட்டேன்.

பிறகு விளிம்பை மெல்லத் தட்டுவோம். விரிசலற்ற பாத்திரம் தெளிவாக ஒலிக்கும். இது மந்தமாக ஒலித்தது. தேடியபோது முடி போன்ற விரிசல் கிடைத்தது. விலை அங்கேயே இறங்கிவிட்டது.

சிக்கல் பெயரில்தான். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பற்றிச் சொன்னதும், பாதி வகுப்பு குவளையை அங்கே அனுப்பிவைத்துவிடும். அங்கே பயின்ற பலர் தனிப் பட்டறைகள் அமைத்தனர். சாயல் ஒத்திருப்பதால் மட்டும் ஒருவரைச் சுட்ட முடியாது. பெயர் ஒட்டினால் விலை ஏறும் என்பதாலேயே இங்கு கூடுதல் கண்டிப்பு வேண்டும். மறுபாதி, பெயரில்லை என்றால் மதிப்பில்லை என்று முடித்துவிடும். அவர்களுக்கு ஷோஜி ஹமாதாவைச் சொல்வேன். 1920இல் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை அமைத்த ஜப்பானியர் அவர். நாடு திரும்பியபின் தம் பாத்திரங்களில் முத்திரை இடுவதையே விட்டுவிட்டார்.

குழுக்கள் ‘கண்டது, ஊகித்தது, தெரியாதது’ என மூன்று பத்திகளில் எழுதும். மூன்றாவதை வெறுமையாக விட்ட தாளைத் திருப்பித் தந்துவிடுவேன். விலையைக் கடைசியில், காரணத்தோடு, பென்சிலால் எழுத வேண்டும்.

தொடக்க வகுப்புக்கு ஊறுகாய் ஜாடியும் மண்சட்டியும் போதும். மேசையில் தடித்த துணியை மறக்காமல் விரியுங்கள்.