அரையே அரைக்கால்

நாஞ்சில் நாடு நெல்வளத்தால் பெயர் பெற்றது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகமும் விளைந்து களம் சேரும் காலத்தில், அந்நாளைய உழவர் அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்து கொடுத்தனர். மரக்காலைத் தலைதடவி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் கொடுப்போரும் கொள்வோரும் கண்ணுங்கருத்துமாய் இருப்பர். கூலி என்பது இரக்கத்தால் ஈயும் பொருளன்று. உழைப்புக்கு உரிய பொருள். இன்று நெல்லின் இடத்தில் பணமும், மரக்காலின் இடத்தில் கடிகாரமும் வந்துள்ளன. அளவு நேர்மையாய் இருத்தல் வேண்டும் என்னும் அறம் மட்டும் மாறவில்லை.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி நாகர்கோயிலில் ஒரு கடையில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தாள். வீட்டில் தாய் நோயுற்றிருந்தமையால், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையே அவளால் பணியாற்ற இயன்றது. அதே பணியை நாள்தோறும் எட்டு மணி நேரம் செய்வார்க்கு அக்கடையில் மாத ஊதியம் 15,600 ரூபாய். கடை முதலாளி, "நீ அரைநேரப் பணியாள், ஆதலால் அரைச் சம்பளம்" என்று சொல்லி, மாதந்தோறும் 7,800 ரூபாய் கொடுத்து வந்தார். ஓராண்டு கழிந்தபின் ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "ஐயா, இது சரிதானா? கேட்பதற்கும் கூச்சமாக இருக்கிறது" என்றாள்.

"கூச்சம் பிறகு இருக்கட்டும், அம்மா, முதலில் கணக்கைப் பார்ப்போம்" என்று தாளை எடுத்தேன்.

மாணவர்களே! அக்கணக்கை நீங்களும் பாருங்கள். வார விடுமுறை நீங்கலாக மாதத்துக்கு 26 நாள். நாளுக்கு 8 மணி. ஆகவே முழுநேரப் பணியாளர் உழைப்பது 208 மணி. 15,600-ஐ 208-ஆல் வகுத்தால், ஒரு மணிக்கு 75 ரூபாய். அம்மாணவி நாளுக்கு 5 மணி வீதம் உழைப்பது 130 மணி. 130-ஐ 75-ஆல் பெருக்கினால் 9,750 ரூபாய். இதுவே அவளுக்குரிய ஊதியம்.

எட்டில் ஐந்து என்பது பாதியன்று. கால், அரை, அரைக்கால், மாகாணி எனக் கீழ்வாயிலக்கங்களைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நம் முன்னோர், இதனை 'அரையே அரைக்கால்' என்பர். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. முதலாளி அரையைக் கொடுத்தார், அரைக்காலை மறந்தார். மறந்த அரைக்கால் மாதத்துக்கு 1,950 ரூபாய். ஓராண்டுக்கு 23,400 ரூபாய்!

இன்னொரு பிழையும் உண்டு. ஒருவர் வாரத்தில் மூன்று நாள் முழுநேரமும் உழைக்கிறார் எனக் கொள்வோம். மாதத்துக்கு 13 நாள். மாத ஊதியத்தை 30-ஆல் வகுத்து 13-ஆல் பெருக்கினால் 6,760 ரூபாயே வரும். 26-ஆல் வகுத்துப் பெருக்கினால் 7,800 ரூபாய் வரும். பின்னதே முறை. முழுநேரப் பணியாளர் 26 நாள் உழைத்தே முழு ஊதியம் பெறுகிறார். ஆகவே 13 நாள் உழைத்தவர்க்குச் சரிபாதி வருதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும், மாத ஊதியத்திலிருந்து நாளூதியம் காண 26-ஆல் வகுக்கும் முறையே கொள்ளப்பட்டது.

பகுதிநேர ஊதியம் எப்போதும் இவ்வாறு விகிதத்தால் அமைவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டில் ஓவியம், உடற்கல்வி முதலியன கற்பிக்கப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் பணி. மாதம் 5,000 ரூபாய் ஊதியம். அத்தொகை பின்னர்ப் பலமுறை உயர்த்தப்பட்டது. இவ்வாறு மொத்தமாகக் குறிக்கப்படுவது தொகுப்பூதியம் எனப்படும். ஐந்து நாள் பள்ளியில் பத்து அரைநாள் உள்ளமையால், மூன்று அரைநாள் என்பது பத்தில் மூன்று பங்கு. முழுநேர ஊதியத்தில் அப்பங்கு எவ்வளவு எனக் கண்டு ஒப்பிட்டாலன்றித் தொகுப்பூதியத்தின் நிறைகுறை விளங்காது. பகுதிநேரம் என்னும் காரணம் ஒன்றாலேயே ஒருவருடைய அடிப்படை ஊதியம் விகிதத்திற் குறைதல் கூடாது என்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1994-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையில் வகுத்துரைத்தது.

மாணவி அத்தாளை முதலாளியிடம் பணிவுடன் காட்டினாள். அவர் தீயவர் அல்லர். 'அரைநேரம்' என்னும் சொல்லே அவரை மயக்கியிருந்தது. தாமும் ஒருமுறை வகுத்துப் பெருக்கிப் பார்த்து, அம்மாதம் முதல் 9,750 ரூபாய் கொடுத்தார். பழைய பாக்கியைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. முதல் மாதமே கேட்டிருந்தால், அத்தொகை தாயின் மருந்துக்கு உதவியிருக்கும்.

கணக்கு அறியாதவன் தன் உழைப்பை இழக்கிறான். கணக்கு அறிந்தும் கேட்கக் கூசுகிறவனும் இழக்கிறான். நாளை நீங்கள் கூலி பெறுவோராகவும் இருப்பீர்கள், கொடுப்போராகவும் இருப்பீர்கள். பெறும்போது அரைக்காலைக் கேட்கக் கூசாதீர்கள்; கொடுக்கும்போது அதனை மறவாதீர்கள்.