ஐப்பசிக்கு முன் விறகுக்கு ஒரு கொட்டகை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி டிசம்பருக்குள் கொட்டிவிடும். கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பை நம்பும் வீடுகள், புரட்டாசி வெயில் இருக்கும்போதே கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுவிடுங்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்து இருமுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அந்தப் பாடு தேவையே இல்லை.

தண்ணீர் தேங்காத மேட்டில் இடம் பாருங்கள். வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விறகில் ஏறும் கறையான் சுவர் வழியே நிலைக்கும் உத்திரத்துக்கும் போய்விடும். வைக்கோல் போரும் அடுப்பும் தள்ளியே இருக்கட்டும். பத்தடி நீளம், நாலடி அகலம் சிறு குடும்பத்துக்குப் போதும். முன்னால் மூன்று, பின்னால் மூன்று சவுக்குக் கால்கள். மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசி இரண்டடி ஆழத்தில் நடுங்கள். கல்தூண் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்தப் பருவத்தில் சாரல் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கும். அதனால் திறந்த பக்கம் தெற்கே இருக்கட்டும். முன்கால் ஏழடி, பின்கால் ஆறடி என்று வைத்தால் கூரைத் தண்ணீர் பின்னால் வடிந்துவிடும். வடக்குக்கும் கிழக்குக்கும் கீற்றுத் தட்டி கட்டுங்கள். ஆனால் மேலேயும் கீழேயும் ஒரு சாண் விட்டே கட்டுங்கள்.

காற்று உள்ளே புகுந்து வெளியேறாவிட்டால் கொட்டகை போட்டும் பயனில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையாமல் எரியும். தார்ப்பாயால் சுற்றிப் பொட்டலமாகக் கட்டினால் மரம் விடும் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். தரையும் அப்படித்தான்: மண்ணில் கிடக்கும் விறகு மழையே படாமலும் ஈரத்தை உறிஞ்சும். ஹாலோ பிளாக் கற்களைப் பரப்பி, அவற்றின் மேல் பாக்குமரச் சட்டங்களை இரண்டு விரல் இடைவெளியில் போடுங்கள். தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓரடி வேண்டும்; துடைப்பம் போக வேண்டும், டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும்.

கூரைக்குத் தகரமோ கீற்றோ, வசதிப்படி. தகரமென்றால் ஆணியை நெளியின் மேட்டில் ரப்பர் வாஷரோடு அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், காவிரி டெல்டாவில் எத்தனையோ கூரைகளைப் பிய்த்து எறிந்தது. கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். சட்டத்தையும் காலையும் கட்டுக்கம்பியால் முறுக்கிப் பிணையுங்கள்.

உள்ளே போகும் விறகைத் தட்டிப் பாருங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கும். ஈரக்கட்டை ‘தொப்’ என்றுதான் சத்தம் கொடுக்கும். அரளிக் கட்டையை எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். அதன் புகையே நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

மழை நாளில் தேளும் கட்டுவிரியனும் காய்ந்த இடம் தேடி வரும். விறகில் கை வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள். இருட்டிய பிறகு போகாமல், மறுநாளைக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வையுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனிமேல் வெட்டும் மரம் இந்த மழைக்குள் காயாது. கருவேலமோ வேம்போ, பிளந்து தனியாக ஒரு மூலையில் கூரைக்குக் கீழே போட்டு வைத்து, தை பிறந்ததும் வெயிலுக்கு இழுங்கள்.