விபத்து நட்டஈடு: இரண்டு வருட எல்லையும் பெற்றோரின் பொறுப்பும்

கடன், காசோலை, கடை வாடகை ஆகியவற்றின் சட்டத்தை எமது வியாபாரிகள் ஓரளவு அறிந்து வைத்திருக்கின்றனர். தமது பிள்ளையால் இன்னொருவர் காயமடைந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். கொஸ்லந்த பஸாரில் ஒரு சில்லறைக் கடை. விடுமுறையில் நிற்கும் 16 வயது மகனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, தோட்ட லயத்துக்குச் சாமான் கொண்டு போகச் சொல்கிறார் வாப்பா. வழியில், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஒரு பெண் மீது சைக்கிள் மோதுகிறது. அவரது கால் முறிகிறது. நாட்சம்பளமும் நின்றுபோகிறது. பொறுப்பு யாருடையது?

இலங்கையில் இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டமாகும். அதன்படி, பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் பிள்ளையின் தவறுக்கு வாப்பா பொறுப்பாளியாவதில்லை. எனினும் இரண்டு சந்தர்ப்பங்களில் அவர் பொறுப்பேற்க நேரிடும்.

1. பிள்ளை அவரது வேலையாளாக அல்லது முகவராகச் செயற்பட்டிருத்தல்.

2. பிள்ளையைக் கவனிப்பதில் அவரே கவனயீனமாக இருந்திருத்தல்.

எமது உதாரணத்தில் இரண்டுமே உண்டு. மகன் சென்றது கடை வேலைக்கு. 18 வயதுக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம் பெற முடியாது என்பது தெரிந்தும் சைக்கிளைக் கொடுத்தவர் வாப்பா. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டியதால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். இறுதிச் சுமை கடை முதலுக்கே வந்து சேரலாம்.

அடுத்தது காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, காயத்துக்கும் நட்டத்துக்குமான வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே பலர் ஏமாந்து போகின்றனர். பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. நீதவான் நீதிமன்றத்தில் விதிக்கப்படும் அபராதம் அரசுக்கே போகும். அந்த வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கான காலம் கடந்துவிடும். "பேசித் தீர்ப்போம்" என்ற வாய்ச்சொல்லும் காலத்தை நிறுத்தி வைக்காது.

காயமடைந்தவர் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், பராயமடையும் வரை பிள்ளையின் உரிமைக்குக் காலம் ஓடாது. ஆனால் மருத்துவச் செலவைக் கோருவது பெற்றோரின் சொந்த உரிமை. அதற்கு இரண்டு வருட எல்லை அப்படியே பொருந்தும். பிள்ளைக்குக் காலம் இருக்கிறதே என்று பெற்றோர் தாமதிக்கக் கூடாது. சாட்சிகளும் வைத்தியசாலைப் பதிவுகளும் காத்திருப்பதில்லை.

ஆகவே மருந்துச் சிட்டைகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, இழந்த சம்பளத்துக்கான அத்தாட்சி ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். சமாதானம் ஏற்பட்டால் தொகையையும் திகதியையும் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வியாபாரிக்கு இறுதியாக ஒரு வார்த்தை. இரண்டு வருடங்களை இழுத்தடித்தால் வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று ஆலோசனை கூறுவோர் இருக்கக்கூடும். கால் முறிந்த அந்தத் தொழிலாளியின் உரிமை ஹக்குல் இபாத் ஆகும். நீதிமன்றத்தில் காலாவதியான அந்த உரிமை மறுமையில் காலாவதியாவதில்லை.