மலையின் இருபுறம்

போடிநாயக்கனூரில் வைகறையில் நிற்பார்க்கு, ஏலத்தோட்டத் தொழிலாளர் ஜீப்புகளிலேறிப் போடிமெட்டு வழியே கேரளஞ் செல்லுதல் புலனாகும். அம்மலைத்தொடரின் தென்பாலிலோ, பெரியாற்று நீர் சுரங்கவழியே தமிழகத்திற்கு இறங்குகின்றது. உழைப்பு மேற்செல்ல நீர் கீழ்வரும் இவ்வுறவை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருவிதாங்கூர் தனியரசாயிருந்த காலத்தில், 1886 அக்டோபர் 29-ஆம் நாள், அவ்வரசும் இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட, மேல்கடல் நோக்கியோடிய நீர் கிழக்கே திரும்பி வைகையிற் கலந்தது. 1970-இல் குத்தகை 30 ரூபாயாயிற்று. மீன்பிடியுரிமை கேரளத்திற்கு மீண்டது.

எனினும் ஏட்டுறுதி அச்சத்தைப் போக்கவில்லை. பழைய அணை உடையுமோ என்பது அதன் கீழ் வாழும் கேரள மக்களின் அச்சம். நீர் குறைந்தால் வயல் காயுமே என்பது நம்மவர் அச்சம். 2011 டிசம்பரிற் பூசல் மூண்டபோது எல்லைப் பாதைகள் தடைப்பட்டன. தொழிலாளர் கூலியிழந்து திரும்பினர். வழக்காடியோர் வேறு, வருந்தியோர் வேறு! 2014-இல் உச்சநீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த இசைந்ததோடு, இருமாநிலத்தாரும் ஒருங்கமரும் மேற்பார்வைக் குழுவொன்றையும் அமைத்தது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-இற் செய்த சிந்துநதி உடன்படிக்கையை 2025-இல் இந்தியா நிறுத்திவைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. நீரைப் பகிர்வார் ஒருவர் அச்சத்தை மற்றவரும் தமதாகக் கொள்ளல் வேண்டும். அஃதின்றேல் 999 ஆண்டும் வெறும் எண்ணேயாம்.